நீலம் சேர்த்த பாசி

பிறந்தநாள் முடிந்த மூன்றாம் நாள் காலையில் பாலெடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். எவர்சில்வர் தட்டில் மிச்சமிருந்த ஆறேழு துண்டுகளைச் சுற்றித் தண்ணீர் விட்டிருந்தது. வெளிறிய நீலத் தண்ணீர். துண்டுகள் சற்றே சுருங்கி, ஓரம் மழுங்கி நின்றன. தட்டை வெளியே எடுத்தபோது அந்த நீர் ஒரு பக்கமாகச் சரிந்தோடி, நிமிர்த்தியதும் மெதுவாகத் திரும்பி வந்து துண்டுகளின் அடியில் புகுந்துகொண்டது. கடற்பாசி தண்ணீர் விடுவது ஒன்றும் அதிசயமில்லை. நாளாக ஆக அது இறுகும், இறுக இறுகத் தன்னிடமிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். இரண்டு நாளுக்குள் தின்று தீர்த்துவிட வேண்டும் என்பது அதைச் செய்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தொட்டியில் கவிழ்த்துத் தட்டைக் கழுவிவிடக் கை வரவில்லை. மேடைமேல் வைத்துவிட்டுக் காப்பி கலந்தேன், குடித்தேன், அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பண்டத்தில் குறையில்லை. பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றார்கள். செலவும் கையைக் கடிக்கவில்லை. பின் என்ன உறுத்தல் என்று கேட்டுக்கொண்டால் பதில் எதுவும் வரவில்லை. தட்டில் நீலத் தண்ணீர் இருந்தது, அவ்வளவுதான்.

தங்கை மகளுக்கு ஏழு வயது முடிந்தது. போன வருஷம் வரைக்கும் கேக், சமோசா, கொஞ்சம் சிப்ஸ் என்று போய்க்கொண்டிருந்த விழாவுக்கு இந்த வருஷம் தீம் வந்துவிட்டது. கடலுக்கடியில். அவர்கள் அடுக்ககத்தில் இதற்கு முன் நடந்த இரண்டு பிறந்தநாள்கள் காட்டையும் சர்க்கஸையும் எடுத்துக்கொண்டதால் இவளுக்குக் கடல் மிஞ்சியது என்று நினைக்கிறேன். மொட்டை மாடிச் சுவரெல்லாம் நீலத் துணி, பலூன் மீன்கள், தெர்மாகோலில் அறுத்த பவளம், படிக்கட்டு முகப்பில் கலர் தாளில் எட்டுக் கை விட்ட ஒரு பிராணி. இனிப்பு மட்டும் என் தலையில். தங்கை மூன்றே நிபந்தனைதான் சொன்னாள். முந்தின நாளே செய்து வைத்துவிட வேண்டும், அன்றைக்கு அடுப்படியில் நிற்க யாருக்கும் நேரமிருக்காது. முப்பது பிள்ளைகளுக்கு 500 ரூபாயைத் தாண்டக் கூடாது. பார்த்தால் கடல் மாதிரி இருக்க வேண்டும். "ஒரு கடையில கேக் கேட்டேங்க்கா. கிலோ 1,400 சொல்றான். மூணு கிலோ வேணுமாம். மேல வைக்கிற மீனுக்குத் தனியாக் காசாம்." மீனும் சர்க்கரைதானே என்றேன். "சர்க்கரைதான். ஆனா கையால செய்றதாம்." நான் மனசுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். கேசரி மறுநாள் கட்டி தட்டிவிடும், தவிர அதன் நிறத்துக்கும் கடலுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. நீலப் பாயசத்தை நினைத்தாலே குமட்டியது. ஐஸ்கிரீம் ஏப்ரல் மாத மொட்டை மாடியில் பத்து நிமிஷம் தாங்காது. ஜெலட்டின் வாங்கி ஜெல்லி செய்யலாமென்றால் அது விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது, அடுக்ககத்தில் பாதி வீடு சைவம். அதோடு சென்னை வெயில் பட்டால் அது இளகி வழிந்துவிடும். லட்டு, மைசூர்பாகு, அதிரசம் எல்லாம் முந்தின நாளென்ன, முந்தின வாரமே செய்து அடுக்கிவைக்கத் தோதானவை. நம் பலகாரங்களில் பாதிக்கு மேல் தகர டின்னில் காத்திருக்கவே பிறந்தவை. ஆனால் லட்டு எந்தத் தீமுக்கும் வளைந்துகொடுக்காது. எங்கே வைத்தாலும் லட்டாகவே உட்கார்ந்திருக்கும். கடைசியில் மிஞ்சியது கடற்பாசி.

கட்டுப்படியாகும் என்றுதான் முதலில் நினைத்தேன். இந்தச் சொல்லைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மலிவு என்பது பண்டத்தைப் பற்றிய பேச்சு. கட்டுப்படி அப்படியில்லை, அது ஆளைப் பற்றியது. யாருக்கு என்ற கேள்வியை விட்டுவிட்டு அதைச் சொல்லவே முடியாது. சந்தையில் வாங்குகிறவளும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறாள், விற்கிறவளும் அதையேதான் சொல்கிறாள். "அந்த வெலைக்கு எனக்குக் கட்டாதும்மா" என்று கீரைக்காரி கூடையைத் தூக்கும்போது "எனக்கும்தான் கட்டலை" என்று நான் சொல்லிக்கொண்டே பைக்குள் கையை விடுகிறேன். இரண்டு பேருக்கும் ஒருசேரக் கட்டுகிற விலை எங்கேயோ இருக்கிறது, அதுவரை நகர்ந்து பார்ப்போம் என்பதுதான் பேரம். மளிகைக் கடையில் பொட்டலத்தின் மேல் அச்சடித்த விலையோடு யாரும் பேரம் பேசுவதில்லை. 10 கிராம் பொட்டலம் 60 ரூபாய், மூன்று பொட்டலம். 2 தேங்காய், முக்கால் கிலோ சர்க்கரை, ஒரு துண்டு கருப்பட்டி. மொத்தம் 345 ரூபாய். நீலத்துக்குச் செலவே இல்லை, காம்பவுண்டுச் சுவரில் சங்குப்பூ பூத்துக் கிடந்தது. தங்கையிடம் கணக்கை ஒப்பித்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. (ஒத்திகைக்கென்று வாங்கிய நான்காவது பொட்டலத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.) எனக்குக் கட்டியது. அந்தப் பக்கம் யாருக்குக் கட்டியது என்று பொட்டலத்திடம் கேட்க முடியாது. பின்புறத்தில் பொதியிட்ட இடத்தின் முகவரி இருந்தது. பறித்த இடம் இல்லை.

இதை நான் சமையல் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. ராமநாதபுரத்தில் எங்கள் எதிர்வீட்டு ராத்தா நோன்பு மாதம் முழுக்கச் செய்வார். அசர் தொழுகை முடிந்ததும் அடுப்பில் ஏற்றுவார். அப்போது அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. தாம்பாளத்தில் ஊற்றி, தண்ணீர்ப் பானை வைக்கும் ஈர மணலில் இறக்கி வைத்தால் போதும், சொன்ன பேச்சைக் கேட்டு உறைந்துவிடும். நோன்பு திறக்கும் நேரம் நெருங்கும்போது கத்தி நுனியால் சாய்வாய்க் கோடு போட்டு டைமன் டைமனாகப் பெயர்த்து எடுப்பார். இதில் ஒரு சிக்கல். நோன்பு வைத்திருக்கும் ராத்தா இனிப்பை நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார். அதற்குத்தான் நாங்கள். தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருக்கும் எங்களில் ஒருத்தியைக் கூப்பிட்டு, கரண்டியில் ஊதி ஊதி ஆற்றிய பாலை உள்ளங்கையில் விட்டு, "இனிப்பு காணுமா, சொல்லு தாயி" என்பார். ரோஸ் எசன்ஸ் வாசனையோடு கை பிசுபிசுக்கும். அன்றைக்கு அந்த வீட்டில் எட்டுப் பேர் நோன்பு திறக்கப்போகிற இனிப்பு ஏழு வயது நாக்கின் தீர்ப்பில் நின்றது. ஒருநாள் சர்க்கரை கூடட்டுமே என்று வேண்டுமென்றே "காணாது" என்றேன். ராத்தா என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். சர்க்கரை டப்பாவை மூடி வைத்துவிட்டுத் தாம்பாளத்தை எடுத்துவரப் போய்விட்டார். மாலையில் எங்களுக்கென்று ஒரு தட்டு வரும். அம்மா அதைக் கழுவி வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டாள், ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பாள். அந்த வீட்டில் அதற்குப் பேர் கடப்பாசி. எங்கள் வீட்டிலும் அதுவே. சென்னைக்கு வந்த பிறகுதான் எனக்கு அது சைனா கிராஸ் ஆனது, மலேசியா உறவுக்காரர்கள் வாயில் அகர் அகர் ஆனது. பேர் மாற மாறக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போனது.

ஒத்திகையில் சொதப்பினேன். நார்க்கற்றை போலிருக்கும் பாசியைக் கத்தரியால் நறுக்கி அரை மணி நேரம் ஊறவைத்து, மெத்தென்று ஆனதும் கொதிக்கவைத்துக் கரைத்தாயிற்று. எல்லாம் தெரிந்த தெம்பில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தேங்காய்ப்பாலை அப்படியே அதில் சாய்த்தேன். விழுந்த இடத்திலேயே நூல்நூலாகப் பிடித்துக்கொண்டது; கரண்டியைத் தூக்கினால் சேமியா போலத் தொங்குகிறது. ராத்தா வீட்டில் குளிர்ந்த பால் என்ற ஒன்றே இல்லாததால் இந்தப் பாடத்தை அவர் எனக்குச் சொல்லித்தர நேரவில்லை. கடற்பாசிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒருமுறை உறைந்துவிட்டால் சுமார் 85 டிகிரி வரை சூடு ஏறினால்தான் இளகும். இளகிவிட்டால் 40 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் மறுபடி உறையும். இடைப்பட்ட சூட்டில் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே இருக்கும். மொட்டை மாடி வெயிலில் அசையாமல் நிற்பதும் அதனால்தான், என் குளிர்ந்த பாலில் நூலாய்ப் போனதும் அதனால்தான். மறுநாள் பாலை வெதுவெதுப்பாக்கிக் கருப்பட்டிப் பாகு சேர்த்துக் கலந்தேன். மணல் நிறம் அச்சாக வந்தது. அதன் மேல் நீல அடுக்கு. அடி அடுக்கு நன்றாக இறுகிவிட்டால் மேலடுக்கு ஒட்டாது, வெட்டும்போது வழுக்கிக்கொண்டு தனியாகக் கழன்றுவிடும். இறுகாமலிருந்தால் இரண்டும் கலந்து சேறாகும். விரலால் தொட்டால் பாலாடை போல மெல்ல ஒட்டி விட வேண்டும், அந்தப் பதத்தில் ஊற்ற வேண்டும். சங்குப்பூக்களைக் கொதிநீரில் போட்டதும் இதழ்கள் வெளுத்து, பேனா மைக் குப்பியைக் கவிழ்த்ததுபோல் தண்ணீர் நீலமாயிற்று. அதில் எலுமிச்சை ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது. பட்டால் ஊதாவாகிவிடும். பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

தங்கைக்கு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ராத்திரி வந்து தாம்பாளங்களை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏக்கா, நாங்க பிளேட் போடுறதும் இதேதான். இதுலதான் கிருமி வளர்ப்போம். நீ பிள்ளைகளுக்குக் குடுக்கப்போற" என்று சிரித்தாள். அவள் சொன்னதன் பின்னாலும் ஒரு அடுப்படி இருக்கிறது. 1881இல் பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வால்தர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் கிருமிகளை ஜெலட்டின் மேல் வளர்க்கப் பார்த்துத் திண்டாடினார். கோடைச் சூட்டில் ஜெலட்டின் உருகியது, உருகாத நாளில் கிருமிகளே அதைத் தின்று கரைத்தன. அவர் மனைவி ஃபேனி நியூயார்க்கில் பிறந்தவர். ஜாவாவில் இருந்துவிட்டு வந்த அண்டை வீட்டுக்காரர்களிடமிருந்து சிறு வயதில் அகரைப் பற்றித் தெரிந்துகொண்டவர். கோடையிலும் குலையாத தன் ஜெல்லிகளின் ரகசியத்தை அவர்தான் கணவனிடம் சொன்னார். 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றிக் கோக் வெளியிட்ட கட்டுரையில் அகர் வருகிறது, ஃபேனியின் பேர் வரவில்லை. இதைத் தங்கையிடம் சொன்னேன். "எதிர்வீட்டு ராத்தா கதை மாதிரியே இருக்கே" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அவள் வாயால் கேட்டதும் அது அவ்வளவு சரியாகப் படவில்லை. ராத்தா பேரையும் நான் எங்கும் சொன்னதில்லை, அது ஒன்றுதான் பொருந்துகிறது.

உறுத்தலுக்கு வருகிறேன், சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறேன். 1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறந்த பிறகு ராமேஸ்வரத்துக்குப் பஸ்ஸில் போவோம். மண்டபம் நெருங்கும்போது கரையோர மணலில் பாசி காயப் போட்டிருக்கும். பழுப்பும் ஊதாவும் கறுப்புமாக, பழைய சணல் சாக்கைப் பிரித்துப் போட்டதுபோல். அதன் வாடை ஜன்னல் வழியாக முகத்தில் அறையும். அயோடினும் கருவாடும் கலந்த மாதிரி. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எனக்கும் ஒரு முனையைத் தருவாள். அதே அம்மா நோன்பு மாதத்தில் ராத்தா தட்டை வாங்கி முகத்தருகே கொண்டுபோய் "என்ன மணம்!" என்பாள். இரண்டும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை, எனக்கும் ரொம்ப நாள் தோன்றவில்லை. தோன்றாமலிருப்பதற்காகத்தான் அவ்வளவு வேலையும் நடக்கிறது. பாசியை அலசி, காய்ச்சி, வடிகட்டி, உறையவைத்து, அந்தக் கூழைப் பனிக்கட்டியாக்கி மறுபடி இளகவிட்டால், வெளியேறும் நீரோடு உப்பும் நிறமும் வாடையும் வடிந்துவிடும். மிஞ்சுவது வெள்ளைத் தக்கை. கடலிலிருந்து வந்ததிலிருந்து கடலை ஒரு சொட்டு விடாமல் எடுத்துவிட்டு அனுப்புகிறார்கள், நான் அதை வாங்கிவந்து சங்குப்பூ போட்டுக் கடல் மாதிரி ஆக்குகிறேன்.

பறிக்கிற இடத்தில் அது இப்படியில்லை. பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்துப் பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டையோ டீ சர்ட்டோ போட்டுக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பையோடு முங்குகிறார்கள். அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள், நீர் வற்றும் நேரம் பார்த்துத்தான் வேலை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவான பிறகு, தீவோரம் போவது தடைக்கும் பிழைப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அழியாமல் பறிப்பதற்கு அந்தப் பெண்களே தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. இதையெல்லாம் நான் படித்து வைத்திருக்கிறேன் என்பதுதான் இன்னும் கூச்சமாக இருக்கிறது. தெரியாமல் செய்திருந்தால் ஒன்றுமில்லை.

ஒன்றை இன்னொன்றாக வைப்பது நமக்குப் புதிதா என்ன. கொலுவில் கண்ணாடித் துண்டைக் குளமாக்கி அதில் பிளாஸ்டிக் வாத்தை விட்டவள்தான் நானும். கடுகு முளைக்கவைத்து வயல் என்போம், அதன் ஓரத்தில் கட்டை வண்டி நிற்கும். அப்போதெல்லாம் உறுத்தவில்லை. கண்ணாடி குளமாகும்போது அது கண்ணாடி என்பது எல்லோருக்கும் தெரியும், அதில்தான் வேடிக்கையே. குளத்தையே கொண்டுவந்து, அதன் தண்ணீரை வடித்துவிட்டு, குளம் மாதிரி பெயின்ட் அடிக்கச் சொல்வதில்லை. இப்படி ஒரு வாதத்தைக் கட்டி முடித்துத் திருப்திப்படும்போது கரைக்காரர்களின் பேர்கள் ஞாபகம் வந்து அதைக் குலைக்கின்றன. அகர் எடுக்கிற பாசிக்கு அவர்கள் வைத்த பேர் மரிக்கொழுந்துப் பாசி. மரிக்கொழுந்தின் வாசனைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, இலைக்கொத்தின் சாயல் மட்டும்தான். இன்னொன்று பக்கோடாப் பாசி. இன்னொன்று கஞ்சிப்பாசி, அது மட்டும் உண்மையாகவே கஞ்சி காய்ச்சியதால் வந்த பேர். தண்ணீருக்கடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறவர்களுக்கும் பூக்கடையும் டீக்கடையும்தான் நினைவுக்கு வருகின்றன. சாயல் தேடுவது குற்றமென்றால் அவர்களும் அதில் கூட்டு. அப்படியானால் என் நீலத்தில் மட்டும் என்ன கோளாறு?

கோளாறு நிறத்தில் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அன்று மாலை தாம்பாளங்களைக் கொண்டுபோய் நீலத் துணி விரித்த மேஜையில் வைத்தேன். வெட்டிய துண்டுகளின் பக்கவாட்டில் மணலும் நீரும் கோடு போட்டதுபோல் பிரிந்து தெரிந்தன. நாலைந்து பேர் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். ஒரு பையன் துண்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, "ஆன்ட்டி, இதுக்குள்ள மீன் இருக்கா?" என்றான். "இல்ல கண்ணா, சும்மா கலர்" என்றேன். அவன் அம்மா பின்னாலேயே வந்து, "இது எதுல செஞ்சது? வெஜ்தானே?" என்று கேட்டாள். கேட்ட விதத்தில் தப்பில்லை, பிள்ளைக்காகக் கேட்டாள். கடற்பாசி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாசியும் வெஜ்தான். ஆனால் கடல் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்ததும் கூடவே மீன் வாடையும் வந்துவிடுமோ, அவள் தட்டைக் கீழே வைத்துவிடுவாளோ, ஒன்றைப் பார்த்து ஒன்று முப்பது தட்டும் அப்படியே நின்றுவிடுமோ என்றிருந்தது. "ஜெல்லிதாங்க. ப்யூர் வெஜ்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டு மகனுக்கு இன்னொரு துண்டு எடுத்துக் கொடுத்தாள். மொட்டை மாடி முழுக்கக் கடல் தொங்கிக்கொண்டிருந்தது, எல்லாம் துணியும் காற்றடைத்த ரப்பரும். நிஜமாகவே கடலிலிருந்து வந்த ஒரே பொருள் அந்த மேஜையில் இருந்தது. அது கடலிலிருந்து வந்தது என்பதைத்தான் நான் மறைத்தேன். பிள்ளைகளிடம் சின்னப்பாலத்துக் கதை சொல்லி விழாவை வகுப்பறையாக்கியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு வார்த்தைதான். ராத்தா வீட்டில் மூன்று வயதுக் குழந்தைகூடச் சொன்ன வார்த்தை.

நீலத் தண்ணீரைக் கடைசியில் தொட்டியில் சாய்த்தேன். கறை எதுவும் ஒட்டவில்லை. துண்டுகளைத் தின்றேன், கொஞ்சம் ரப்பராகியிருந்தன, இனிப்பு குறைந்திருந்தது, அது தண்ணீரோடு போயிருக்கும். ஒத்திகைக்கு வாங்கிய நான்காவது பொட்டலத்தில் பாதி மிச்சமிருந்தது. அதைக் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். அரை மணி கழித்துக் குனிந்து முகர்ந்து பார்த்தபோது அடியில் மிக லேசாக, சொல்லித்தான் தெரியும் என்கிற அளவுக்கு, அந்தப் பஸ் ஜன்னல் வாடை இருந்தது. அல்லது இருக்க வேண்டுமென்று முகர்ந்ததால் இருந்தது. நீலம் எதுவும் போடாமல், பாலும் சர்க்கரையும் மட்டும் சேர்த்துக் காய்ச்சினேன். இனிப்புப் பார்க்கக் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனவள் ஏனோ நிறுத்தி, மாடிப்படியில் விளையாடிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சின்னவளைக் கூப்பிட்டேன். ஊதி ஆற்றி உள்ளங்கையில் விட்டேன். நக்கிவிட்டு, "இது என்னது?" என்றாள். "கடப்பாசி." "அப்படின்னா?" "கடல்ல வளர்றது." அவள் வெறும் கையை ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடி நீட்டினாள். அதற்குள் தங்கை போன் செய்தாள். அடுத்த வருஷத்துக்கு இப்போதே முடிவு பண்ணியாயிற்றாம், ஸ்பேஸாம், கறுப்பு நிறத்தில் ஏதாவது யோசித்து வை என்றாள். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் வைத்த தட்டைச் சாய்த்துப் பார்த்தேன். ஓரத்தில் மட்டும் ஆடை கட்டியிருந்தது. நடுவில் இன்னும் உறையவில்லை.